கற்றது ஓரிடம், நிற்பது வேறிடம்

அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசை வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஸ்தானம் மாற்றும் வழக்கமும், அதனால் உயர்ந்தவர்களும் வீழ்ந்தவர்களும்

2014-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி இரவு, கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கும் விழாவுக்காக நியூயார்க் நகரத்து ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் கூடியிருந்த ஜனத்திரள் எதிர்பார்த்திருந்த பெயர் ஒன்று. மேடையில் ஒலித்த பெயர் வேறொன்று. டாலஸ் கௌபாய்ஸ் அணியின் முறை வந்தபோது, கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய கௌரவமாகிய ஹெய்ஸ்மன் விருதைப் பெற்றவரும், டெக்ஸஸ் மாநிலத்திலேயே பிறந்து அங்கேயே படித்து அங்கேயே பிரசித்தி அடைந்தவருமான குவார்ட்டர்பேக் ஜானி மான்ஸியெல், எந்த அணியும் அழைக்காத நிலையில் அதே கட்டடத்தில் காத்துக்கொண்டிருந்தார். சொந்த மாநிலத்துப் பிள்ளையைச் சொந்த மாநிலத்து அணி விட்டுவிடுமா என்ற ஆவலில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷங்களில், அணியின் உரிமையாளர் ஜெரி ஜோன்ஸின் மனமும் அந்த வாலிபரிடத்திலேயே லயித்திருந்தது என்பதைப் பிற்பாடு அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். ஆயினும் அவருடைய குமாரர் ஸ்டீஃபன் ஜோன்ஸும் மற்ற ஆலோசகர்களும் கொண்டிருந்த அபிப்பிராயமே ஜெயித்தது. 16-ஆவது தேர்வாக அறிவிக்கப்பட்டவர், நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸாக் மார்ட்டின்.

பெயர் கேட்டவர்களில் பலருக்கு ஏமாற்றம். மான்ஸியெல் பந்தை வீசுகிறவர், ஓடுகிறவர், பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் வருகிறவர். மார்ட்டினோ பந்தைத் தொடாதவர். எதிரியை மறித்து நிற்பதே தொழிலாகக் கொண்டவர். இன்னும் விசேஷம் என்னவென்றால், கல்லூரிக் காலத்தில் இடது டேக்கிள் என்னும் ஸ்தானத்தில் நின்று புகழ்பெற்ற அவரை, அந்த ஸ்தானத்தில் நிறுத்தும் உத்தேசமே கௌபாய்ஸ் அணிக்கு இல்லை. அங்கே டைரன் ஸ்மித் என்ற 23 வயது மல்லர் ஏற்கெனவே அசைக்க முடியாதபடி நின்றிருந்தார். மார்ட்டினை அவர்கள் வாங்கியது, அவர் அதுவரை நின்றிராத கார்டு ஸ்தானத்துக்காக. முதற்சுற்றுத் தேர்வு என்னும் விலையுயர்ந்த பொருளைக் கொடுத்து, ஒருவர் செய்து காட்டிய வேலைக்காக அல்லாமல் செய்யக்கூடும் என்று நம்பிய வேலைக்காக வாங்கும் துணிவு அது.

அந்தத் துணிவு அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் பல அணிகளால் காட்டப்படுகிறது. சில சமயம் அது பொன்னாகிறது. சில சமயம் ஓர் இளைஞரின் ஜீவனத்தையே குலைத்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டத்தினால் மாத்திரம் வருவதல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஐவர் நிற்கும் வரிசை

அமெரிக்கக் கால்பந்து நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டமாதலால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தில், நடுவே பந்தைக் கால்களுக்கிடையே பின்னுக்குக் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள். அவர்களுக்கு வெளிப்புறம் இரண்டு டேக்கிள்கள். இந்த ஐவரும் சாதாரணமாக முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்க உரிமையற்றவர்கள். பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கைக் காப்பதும், பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறப்பதும் அவர்களுடைய கடமை. ஒவ்வொருவரும் ஏறக்குறைய 300 பௌண்டு, அதாவது 136 கிலோ, அல்லது அதற்கும் மேல் கனமுள்ளவர்கள்.

கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்ட் என்னும் ஏற்பாடு 1936-இல் தொடங்கியது. இப்போது 32 அணிகள், 7 சுற்றுகள். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை.

இங்கேதான் ஸ்தான மாற்றத்தின் மூலகாரணம் இருக்கிறது. வலது கையால் வீசும் குவார்ட்டர்பேக்குக்கு இடப்புறம் முதுகுப்புறமாகிவிடுகிறது. அவர் பார்க்க முடியாத திசையிலிருந்து பாய்ந்து வருபவனைத் தடுப்பவர் இடது டேக்கிள். 1985 நவம்பர் 18-ஆம் தேதி இரவு, லாரன்ஸ் டெய்லரின் பாய்ச்சலில் வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனுடைய கால் முறிந்து அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிவுற்றதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கண்ட பிறகு, அந்த ஸ்தானத்தின் மதிப்பு எல்லோருக்கும் விளங்கியது. ஆகவே ஒவ்வொரு கல்லூரிப் பயிற்சியாளரும் தம்மிடமுள்ள மிகச் சிறந்த முன்வரிசை வீரரை இடது டேக்கிளாக நிறுத்துகிறார். கல்லூரிகளோ நூற்றுக்கு மேல். தொழில்முறை அணிகளில் இடது டேக்கிள் ஸ்தானங்கள் 32 மாத்திரம். எனவே கல்லூரியில் இடது டேக்கிளாயிருந்தவர்களில் பெரும்பாலோர், திறமைக் குறைவினால் அல்ல, இடக் குறைவினாலேயே வேறிடம் போயாக வேண்டியிருக்கிறது.

உடம்பு மறக்க வேண்டியவை

ஒரு மனிதன் இரண்டு கஜ தூரம் தள்ளி நிற்பதில் என்ன கஷ்டம் இருக்க முடியும் என்று, பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பது இயல்பே. இடது டேக்கிள் நிற்கும் விதத்தைச் சற்றே உற்று நோக்கினால் அந்த எண்ணம் மாறிவிடும். அவருடைய வலது கால் முன்னும் இடது கால் பின்னுமாக இருக்கும். கையை ஊன்றி நிற்கும்போது இடது கை மண்ணைத் தொடும். பந்து அசைந்த கணத்தில், வலது காலால் தரையை உந்தி, இடது காலைப் பின்னும் பக்கவாட்டிலுமாக எட்டி வைத்து, மறுபடியும் வலது காலைச் சேர்த்து, இடுப்பு தாழ்ந்த நிலையிலேயே அவர் பின்னடைகிறார். எதிரி வெளிப்புறமாக வளைந்து வருகிறானா, உள்ளே குத்தித் திரும்புகிறானா என்பதைக் கண்டு, எந்தக் கையை எப்போது எறிவது என்று தீர்மானிக்க அவருக்குக் கிடைப்பது கண் இமைக்கும் நேரம். இதை அவர் யோசித்துச் செய்வதில்லை. பள்ளிப் பருவத்திலிருந்து பல்லாயிரம் முறை செய்து செய்து எலும்பில் ஏறிய அப்பியாசம் அது.

அவரை வலது டேக்கிளாக்கும்போது இவை அனைத்தும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலத் தலைகீழாகின்றன. பின்னிருந்த கால் முன்வர வேண்டும். உந்திய கால் எட்டி வைக்க வேண்டும். மண்ணைத் தொட்ட கை மார்புக்கு வர வேண்டும். இருபது ஆண்டு வாசித்த மிருதங்க வித்துவானிடம், இன்றைய கச்சேரியில் வலந்தலையை இடது கையாலும் தொப்பியை வலது கையாலும் வாசியுங்கள் என்று கேட்பதற்கு ஒப்பானது இது. அவருக்குத் தாளம் தெரியும், ஜதி தெரியும், பாட்டும் தெரியும். விரல்கள் மாத்திரம் கேட்காது.

உள்ளே, கார்டு ஸ்தானத்துக்கு, நகர்த்துவது வேறு வகைக் கஷ்டம். டேக்கிளுக்கும் அவருடைய எதிரிக்கும் இடையே வெளி உண்டு; அங்கே ஆபத்து வேகத்தினால் வருகிறது. கார்டுக்கு எதிரே நிற்பவனோ கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், 300 பௌண்டு எடையோடு குனிந்திருக்கிறான்; அங்கே ஆபத்து பாரத்தினால் வருகிறது. பின்னடைந்து எதிரியை எதிர்கொண்டு பழகியவர், பின்னடையாமல் அந்த முதல் அடியைத் தாங்கி வேரூன்றி நிற்கக் கற்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் மாத்திரமே நின்ற நிலை போய், இரு புறமும் இருவரோடு சேர்ந்து, யார் யாரை ஏற்பது, எப்போது ஒருவனை மற்றவரிடம் ஒப்படைப்பது என்று சைகையாலும் ஒற்றைச் சொல்லாலும் பேசிக்கொள்ள வேண்டும். சில ஆட்டங்களில் தம் இடத்தைவிட்டு விலகி, வரிசையின் பின்னால் ஓடி, மறுபக்கத்தில் வழி திறக்க வேண்டும்.

இவற்றைப் பழகுவதற்கான அவகாசமும் முன்போல் இல்லை. 2011-இல் அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம், ஒரே நாளில் இருமுறை கவசம் அணிந்து மோதிப் பயிலும் பழைய வழக்கத்தை ஒழித்தது. போட்டிப் பருவம் முழுவதிலும் முழுக்கவசப் பயிற்சியை 14 தடவைக்குள் அடக்கியது. வீரர்களின் தேகநலத்தை முன்னிட்டுச் செய்த அந்த ஏற்பாடு நியாயமானது. அதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் மோதிப் பழகாமல் மோதக் கற்பது இயலாத காரியமாதலால், ஸ்தானம் மாறியவர் தம் பாடத்தை, எண்பதினாயிரம் பேர் பார்த்திருக்க, நிஜப் போட்டியிலேயே கற்க வேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்துவிட்டது.

■ பெட்டிச் செய்தி: 33 அங்குலம் ■

ஒவ்வோர் ஆண்டும் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் பரிசோதனை முகாமில் முன்வரிசை வீரரின் கை நீளம் அளக்கப்படுகிறது. டேக்கிளுக்கு 33 அங்குலமாவது வேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத சட்டம். எதிரியை முதலில் தொடுபவரே முதலில் வெல்பவர் என்பது அதன் தர்க்கம். ஸாக் மார்ட்டினின் கை அதற்குச் சற்றே குறைவு. 2023-இல் டென்னஸி டைட்டன்ஸ் 11-ஆவதாக எடுத்த பீட்டர் ஸ்கோரான்ஸ்கியின் கை 32¼ அங்குலம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இடது டேக்கிளாய் நின்ற அவரை இடது கார்டாக மாற்றினார்கள். 2025-இல் இன்னொரு கல்லூரி இடது டேக்கிளாகிய வில் கேம்பெல்லின் கை இண்டியானாபொலிஸில் 32⅝ அங்குலம் என்றும், பின்னர் அவருடைய பல்கலைக்கழகத்திலேயே அளந்தபோது 33 அங்குலம் என்றும் வந்தது. அவரைக் கார்டாக்க வேண்டும் என்ற வாதம் வாரக்கணக்கில் நடந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரை 4-ஆவதாக எடுத்து இடது டேக்கிளாகவே நிறுத்தியது.

ஒரு முறை நகர்த்தி, அங்கேயே நிறுத்தியதன் பலன்

மார்ட்டினின் கதைக்கு வருவோம். அவரைக் கௌபாய்ஸ் அணி வலது கார்டாக நிறுத்தியது. அதன்பின், நெருக்கடியான ஓரிரு போட்டிகள் தவிர, அந்த இடத்தைவிட்டு அவரை அசைக்கவில்லை. ஒரு பக்கத்தில் முந்திய ஆண்டின் முதற்சுற்றில் எடுக்கப்பட்ட சென்டர் டிராவிஸ் ஃபிரெடரிக். மறுபக்கத்தில் பல ஆண்டு அனுபவமுள்ள வலது டேக்கிள் டக் ஃபிரீ. புதியவர் தவறினால் தாங்கிக்கொள்ள இருபுறமும் ஆள் இருந்தது. முந்திய பருவத்தில் 8 வெற்றியும் 8 தோல்வியுமாய் நின்ற அணி, அந்தப் பருவத்தில் 12 வெற்றிகளைப் பெற்றது; டிமார்கோ மரே அந்த வரிசை திறந்த வழியில் 1,845 கஜம் ஓடி லீக்கிலேயே முதல்வரானார். மார்ட்டின் தம் முதல் ஆண்டிலேயே நாட்டின் சிறந்த கார்டுகளில் ஒருவராக ஆல்-புரோ முதல் அணியில் இடம்பெற்றார். 2025-இல் ஓய்வு பெறுவதற்குள் அந்தக் கௌரவத்தை 7 முறையும், நட்சத்திர வீரர்களுக்குரிய புரோ பௌல் தேர்வை 9 முறையும் அடைந்துவிட்டார். அன்றிரவு 22-ஆவதாக கிளீவ்லாந்து அணி எடுத்த மான்ஸியெலை அவ்வணி 2016 மார்ச்சில் விடுவித்துவிட்டது.

இந்த வெற்றியைச் சொல்பவர்கள் வழக்கமாக ஜோன்ஸ் குடும்பத்தின் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, தேர்ந்தெடுத்த நாளிலேயே அவர் எங்கே நிற்பார் என்பது தீர்மானமாயிருந்ததும், அந்தத் தீர்மானம் முதல் தோல்வியைக் கண்டு கலையாமல் இருந்ததும்தான்.

பக்கம் மாறி வென்றவர்களும் உண்டு. டெட்ராய்ட் லயன்ஸ் 2021-இல் 7-ஆவதாக எடுத்த பெனே சீவெல், ஆரெகான் பல்கலைக்கழகத்தில் இடது டேக்கிள். லயன்ஸ் அணியில் அவ்விடம் அப்போது டெய்லர் டெக்கருடையது. வலது பக்கம் பழகிக்கொண்டிருந்தவருக்கு, டெக்கரின் விரலில் அடிபட்டதால் பருவத்தின் தொடக்கத்தில் இடது பக்கம் போக நேர்ந்தது. டெக்கர் திரும்பிய பின் வலது பக்கம் வந்தார். அது முதல் அணி அவரைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவைத்தது. 2023-இலும் 2024-இலும் அவர் ஆல்-புரோ முதல் அணியில் இடம்பெற்றார். டாம்பா பே அணியின் டிரிஸ்டன் வர்ஃப்ஸ் செய்தது இன்னும் அரிது: வலது டேக்கிளாக 2021-இல் அக்கௌரவத்தைப் பெற்ற அவர், 2023-இல் இடது பக்கம் மாற்றப்பட்டு, 2024-இல் இடது டேக்கிளாகவும் அதைப் பெற்றார். இரு பக்கத்திலும் அதை அடைந்தவர் அவருக்கு முன் ஒருவருமில்லை. அது நிகழ முடியும் என்பதற்கு வர்ஃப்ஸ் சாட்சி. அது எத்தனை அபூர்வம் என்பதற்கும் அவரே சாட்சி.

லெதர்வுட்டின் 16 மாதங்கள்

2021 ஏப்ரல் 29-ஆம் தேதி, லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணி தன் 17-ஆவது தேர்வில் அலபாமா பல்கலைக்கழகத்து அலெக்ஸ் லெதர்வுட்டை எடுத்தது. சாமானியரல்லர் அவர். அதற்கு முந்திய பருவத்தில் சாம்பியன் பட்டம் வென்ற அணியின் இடது டேக்கிள். முன்வரிசை வீரர்களுக்குரிய அவுட்லாண்ட் விருதைப் பெற்றவர். அவரை ரெய்டர்ஸ் வலது டேக்கிளாக நிறுத்தியது. நான்கு போட்டிகள் கழிந்தன. பாய்ந்து வந்தவர்களைத் தடுக்க முடியாமல் அவர் தடுமாறினார். ஐந்தாவது போட்டியில் அவரை வலது கார்டாக மாற்றினார்கள். பருவம் தொடங்கி ஒரு மாதத்துக்குள் இரண்டாவது மாற்றம். அதுவும் போட்டிப் பருவத்தின் நடுவில், ஞாயிற்றுக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையே கிடைக்கும் சொற்பப் பயிற்சியை நம்பி. கல்லூரியில் 2018-இல் அவர் கார்டாக நின்றவர்தான் என்றாலும், இடையே இரண்டு ஆண்டுகள் வேறொரு தேக அப்பியாசத்தில் ஊறிவிட்டவர். அதே சமயத்தில் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜான் குரூடன் ராஜினாமா செய்தார். தம்மை விரும்பி எடுத்த பயிற்சியாளர் விலகிய பின்னும், அந்த இளைஞர் 17 போட்டிகளிலும் தொடக்கத்திலிருந்தே களமிறங்கி நின்றார். அடுத்த ஆண்டு புதிய நிர்வாகம் வந்தது. 2022 ஆகஸ்ட் 30-ஆம் தேதி அவரை விடுவித்தார்கள். முதற்சுற்றில் எடுத்த ஒருவரை 16 மாதத்தில் கைவிட்டார்கள்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரெய்டர்ஸின் முன்வரிசைப் பயிற்சியாளர் டாம் கேபிள், ஸ்தான மாற்றத்தில் பெயரெடுத்தவர். 2004-இல் இரண்டாவது தேர்வாக வந்து டேக்கிளாகத் தோற்ற ராபர்ட் கேலரியை, 2007-இல் இதே ரெய்டர்ஸ் அணியில் கார்டாக்கிக் கரையேற்றியவர் அவர். சியாட்டில் சீஹாக்ஸ் அணியில், 2012-இன் ஏழாவது சுற்றில் 225-ஆவதாக எடுக்கப்பட்ட ஜே. ஆர். ஸ்வீஸி என்ற தற்காப்பு டேக்கிளை, எதிர்ப்பக்கத்து வேலையாகிய கார்டு ஸ்தானத்துக்குப் பழக்கினார். அந்த ஸ்வீஸி 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று வீழ்த்திய சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் வலது கார்டாக ஆடினார். அவ்வளவு கைராசி உள்ள ஆசிரியராலும் லெதர்வுட்டைக் காப்பாற்ற முடியவில்லை. ஏழாவது சுற்றுக்காரரிடம் உலகம் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. முதற்சுற்றுக்காரரிடம் முதல் ஞாயிறே எதிர்பார்க்கிறது. ஸ்தானம் மாறுகிறவருக்கு அந்த எதிர்பார்ப்பே முதல் விரோதி.

போய்த் திரும்பியவர்கள்

வீழ்ச்சி என்று சொல்ல முடியாதபடி, ஆனால் ஓர் ஆண்டை வீணாக்கியபடி முடியும் மாற்றங்களும் உண்டு. 2024-இல் டைட்டன்ஸ் 7-ஆவதாக எடுத்த ஜே. சி. லேத்தம், அலபாமாவில் இரண்டு ஆண்டுகள் வலது டேக்கிளாக நின்றவர். அவரை இடது பக்கம் மாற்றி ஒரு பருவம் முழுவதும் ஆடவிட்டார்கள். 2025 மார்ச்சில் டான் மூர் என்ற இடது டேக்கிளை 4 ஆண்டுக்கு 8.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கொண்டுவந்து, லேத்தத்தைப் பழைய வலது பக்கத்துக்கே அனுப்பினார்கள். அதே 2024-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி 14-ஆவதாக எடுத்த டலியீஸ் ஃபுவாகாவின் கதியும் இதுவே: ஆரெகான் ஸ்டேட்டில் வலது டேக்கிள், முதல் பருவத்தில் இடது டேக்கிள், 2025-இல் இடது டேக்கிளாகக் கெல்வின் பேங்க்ஸ் வந்ததும் மறுபடி வலது டேக்கிள்.

இரு அணிகளும் வேறு வழியின்றியே அப்படிச் செய்தன என்று நியாயம் சொல்லப்படலாம். ஆனால் 22 வயது இளைஞர் ஒருவர் தம் உடம்பில் பதிந்ததை அழித்து எழுதி, எழுதியதை மறுபடி அழிப்பதில் செலவான ஓர் ஆண்டு, அவருடைய கணக்கில் தவறுகளாகவும் தண்டனைகளாகவுமே பதிவாகிறது. அணியின் கணக்கிலோ அது ஒரு பரிசோதனை என்று பதிவாகிறது. இந்த ஏற்றத்தாழ்வை அமெரிக்கப் பத்திரிகைகள் போதுமான அளவு எடுத்துக்காட்டுவதில்லை என்பது என் வருத்தம்.

■ பெட்டிச் செய்தி: இடமும் ஊதியமும் ■

புதிதாக வரும் வீரரின் முதல் ஒப்பந்தம், 2011 முதல், அவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்ததேயன்றி ஸ்தானத்தைப் பொறுத்ததன்று. இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் பேதம் வருகிறது. கார்டுகளில் ஆண்டுக்கு 2 கோடி டாலரை முதலில் தொட்டவர் 2022-இல் குவென்டன் நெல்ஸன். 2025-இல் டிரே ஸ்மித் 2.35 கோடியை எட்டினார். டேக்கிளாகிய வர்ஃப்ஸ் 2024-லேயே 2.81 கோடியைத் தாண்டிவிட்டார். ஓர் அணி தன் வீரரை ஓராண்டுக்குக் கட்டாயமாக நிறுத்திக்கொள்ளும் ஃபிராஞ்சைஸ் டேக் விதியிலோ முன்வரிசை முழுவதும் ஒரே இனம். இதனால் டேக்கிளாய் வந்து கார்டாக மாறிய வாஷிங்டனின் பிராண்டன் ஷெர்ஃப், 2021-இல் அவ்விதியின்கீழ் 1.8 கோடி டாலர் பெற்றார்.

காத்திருந்த அணி

பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முன்வரிசையை 2013 முதல் பயிற்றுவித்த ஜெஃப் ஸ்டௌட்லாண்டிடம் வந்து சேர்ந்தவர்களின் சரித்திரம், இந்த விஷயத்தில் தனி அத்தியாயம். 2018 டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 233-ஆவது பெயராக, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோர்டன் மைலாட்டாவை அவ்வணி எடுத்தது. 6 அடி 8 அங்குல உயரமுள்ள அந்த இளைஞர் ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு போட்டிகூட ஆடியவரல்லர். தலைக்கவசத்தை மாட்டுவதிலிருந்து கற்க வேண்டியவரை, இரண்டு பருவங்கள் ஒரு நிஜப் போட்டியிலும் இறக்காமல் அணி வைத்திருந்தது. 2020-இல்தான் அவர் களம் கண்டார். 2021-இல் 6.4 கோடி டாலர் ஒப்பந்தம். 2025 பிப்ரவரியில் கான்ஸஸ் சிட்டியை 40-22 என்று வென்ற சூப்பர் பௌலில் இடது டேக்கிள் அவர்.

அதே வெற்றியில் வலது கார்டாக நின்ற மெக்கை பெக்டன், 2020-இல் நியூயார்க் ஜெட்ஸ் 11-ஆவதாக எடுத்த டேக்கிள். காயங்களும் ஏச்சும் மாறிமாறி வந்து, பயனற்றவர் என்று பலரும் முடிவுகட்டிய பிறகு, 2024-இல் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஈகிள்ஸிடம் வந்தார். அதுவரை தொழில்முறையில் நின்றிராத கார்டு ஸ்தானத்தை அங்கே கற்று, அந்தப் பருவம் முடியும்போது சூப்பர் பௌல் மோதிரத்துக்கு உரியவரானார். ஜெட்ஸில் இருந்த அதே தேகம், அதே மனிதர்தாம். மாறியது ஆசிரியரும், பக்கத்தில் நின்றவர்களும், அவரிடத்தில் காட்டப்பட்ட பொறுமையுமே.

பழைய காலத்திலும் இந்த ஞானம் இல்லாமலில்லை. 1996-இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி தன் வரலாற்றின் முதல் தேர்வாக எடுத்த ஜானதன் ஆக்டனை, டேக்கிளாகவே வளர்ந்தவரை, முதல் ஆண்டில் இடது கார்டாக நிறுத்தி, தொழில்முறை ஆட்டத்தின் வேகத்தைக் கற்கவிட்டு, அடுத்த ஆண்டு இடது டேக்கிளாக்கினார்கள். 11 முறை புரோ பௌலுக்குத் தேர்வான அவர் 2013-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். போகவேண்டிய இடம் எது என்று முதல் நாளே தெரிந்திருந்தால் நடுவில் தங்கும் இடம் தீங்கு செய்வதில்லை.

■ பெட்டிச் செய்தி: ஐந்து இடத்திலும் ஒருவர் ■

1983-இல் ஹூஸ்டன் ஆய்லர்ஸ் 9-ஆவதாக எடுத்த புரூஸ் மேத்யூஸ், 19 பருவங்களில் 296 போட்டிகள் ஆடினார். சென்டர், இரு கார்டு, இரு டேக்கிள் ஆகிய ஐந்து ஸ்தானங்களிலும் தொடக்க வீரராக நின்றவர். புரோ பௌல் தேர்வு 14. ஹால் ஆஃப் ஃபேம் 2007.

2025-இன் புதியவர்கள்

2025 ஏப்ரலில் விஸ்கான்ஸின் மாநிலத்து கிரீன் பே நகரில் நடந்த டிராஃப்டிலும் இதே காட்சிகள். சியாட்டில் 18-ஆவதாக எடுத்த கிரே ஸேபெல், நார்த் டக்கோட்டா ஸ்டேட்டின் இடது டேக்கிள். அவரை இடது கார்டாக்கினார்கள். கல்லூரி முடிக்கும் வீரர்களுக்கான சீனியர் பௌல் பயிற்சியில் உட்புறத்து இடங்களிலும் நின்று காட்டியவராதலால், அவர் தம் மாற்றத்தைத் தாமே முன்கூட்டித் தொடங்கிவிட்டார் என்று சொல்லலாம். மின்னஸோட்டா 24-ஆவதாக எடுத்த டானவன் ஜாக்ஸன் ஒஹாயோ ஸ்டேட்டில் கார்டாயிருந்து, சகவீரரின் காயத்தால் பருவத்தின் நடுவே இடது டேக்கிளாகி, அணியைச் சாம்பியன் பட்டம் வரை கொண்டுசென்ற வரிசையில் நின்றவர். மின்னஸோட்டா அவரைக் கார்டு ஸ்தானத்துக்கே திருப்பியது. வாஷிங்டன் 29-ஆவதாக எடுத்த ஜாஷ் கானர்லி, ஆரெகானின் இடது டேக்கிள். நிறுத்தப்பட்டது வலது பக்கத்தில்.

ஸ்தானம் மாற்றவே கூடாது என்று யாரும் வாதிக்க முடியாது. 53 பேர் கொண்ட அணியில் போட்டி நாளன்று களத்துக்குத் தகுதியானோர் 48 பேர், அதுவும் அவர்களில் 8 பேராவது முன்வரிசை வீரராயிருந்தால்தான் என்பது 2020 ஒப்பந்தத்தின் விதி. ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் நகர்ந்தேயாக வேண்டும். ஆனால் அவசரத்தில் நகர்வது வேறு. முதற்சுற்றுத் தேர்வைச் செலவிட்டு, யோசித்து, திட்டமிட்டு நகர்த்துவது வேறு. திட்டமிட்டு நகர்த்துகிற அணி, எந்த இடம் என்பதை அன்றே தெளிவாகச் சொல்லி, அந்த இடத்திலேயே இரண்டு பருவமாவது நிறுத்தி, பக்கத்தில் தேர்ந்தவர் ஒருவரையும் வைத்துக் கொடுக்கக் கடமைப்பட்டது. அதற்கு மனமில்லாத அணி, அவ்விளைஞரை அவர் கற்ற இடத்திலேயே நிறுத்த விரும்பும் வேறோர் அணிக்கு விட்டுவிடுவதே நேர்மை.

இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் நம் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த டிராஃப்டில் முன்வரிசை வீரர் ஒருவரின் பெயர் வாசிக்கப்படும்போது, அவர் எத்தனையாவது என்பதோடு நில்லாமல், கல்லூரியில் எங்கே நின்றார், இப்போது எங்கே நிறுத்தப்படப் போகிறார், அவருக்குக் கற்றுக்கொடுப்பவர் யார் என்பதையும் விசாரியுங்கள். இடம் மாறியவராயின், முதல் பருவத்தில் அவர் செய்யும் தவறுகளை அவருடைய தகுதிக்கு அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள்.